அடைக்கோழியா, முட்டை அடைத்த கோழியா?

கேள்வி: அக்கா, எங்கள் சிவப்புக் கோழி நேற்றிலிருந்து கூடைக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது. முட்டை இல்லை, இரையும் எடுக்கவில்லை, வாலைத் தொங்கப் போட்டு நிமிர்ந்து நிற்கிறது. மாமியார், அடைக்குத்தான் உட்காரப் பார்க்கிறது, தண்ணீரில் முக்கி எடு என்கிறார். முக்கலாமா?
- ஒரு வாசகி, மோல்மேன் (மியான்மர் கடலோர ஊர்)

பதில்: தண்ணீர் வேண்டும்தான் தங்கச்சி, ஆனால் பச்சைத் தண்ணீர் இல்லை. அடைக்கோழி கூடையை விட்டு லேசில் எழுந்திருக்காது, கையைக் கிட்டே கொண்டுபோனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். உங்களுடையது முட்டையை வெளியே தள்ள முக்குகிறது, முட்டை உள்ளே மாட்டியிருக்கிறது.

அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அடிவயிறு முங்க 20 நிமிடம் உட்கார வையுங்கள். முதலில் படபடக்கும், அப்புறம் கண்ணைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஈரம் போகத் துடைத்து, முட்டை வரும் துவாரத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான, கதகதப்பான மூலையில் தனியாக விடுங்கள். பக்கத்தில் குடிக்கத் தண்ணீர். சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. வயிற்றை மட்டும் அமுக்கிவிடாதீர்கள். நான் ஒரு தடவை அவசரப்பட்டு அமுக்கி, முட்டை உள்ளேயே உடைந்து, ஓடு கிழித்துச் சீழ் பிடித்து, நாலாம் நாள் கோழி போய்விட்டது. இன்று சாயங்காலத்துக்குள் முட்டை வராவிட்டால் மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

என்ன தீனி என்று எழுதவில்லையே? குருணையும் தவிடுமாகத்தான் இருக்கும், நம் வீடுகளில் வேறென்ன. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். அரிசியில் அது இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம், தவிடோ இருப்பதையும் உடம்பில் சேரவிடாது. கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டுகிறது, கடைசியில் முட்டையைத் தள்ளும் தசைக்கே சுண்ணாம்புச் சத்து மிஞ்சுவதில்லை. மோல்மேனில் சிப்பி ஓட்டுக்கா பஞ்சம்? இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே பொறுக்கிக்கொள்ளும். தீனியில் கலக்க வேண்டாம், குஞ்சுகளுக்கு ஆகாது.

முட்டை வந்தபின் துவாரத்திலிருந்து சிவப்பாகச் சதை தொங்கினால் உடனே கோழியைப் பிரித்துவிடுங்கள், மற்றவை கொத்தியே கொன்றுவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, வீக்கம் வடியத் தேன் தடவி, எண்ணெய் விரலால் மெள்ள உள்ளே தள்ளலாம். ஆனால் வயிறு தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று இருந்தால் வீட்டு வைத்தியம் பலிக்காது. டாக்டர் ஊசி போட்டால், எத்தனை நாளைக்கு அந்தக் கோழி முட்டையைச் சாப்பிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.