புதுப் பெயாரிங் ஏன் இப்படிச் சுடுகிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு பட்டறைக்காரர் கேட்கிறார்: "படகுச் சாஃப்ற் கடையும் லேத்தின் ஸ்பின்டிலுக்கு, அதாவது வேலைத்துண்டைச் சுழற்றும் தண்டுக்கு, புதிய அங்குலர் கொன்ராக்ற் பெயாரிங் (பக்கவாட்டு அழுத்தத்தையும் தாங்கும் குண்டுப் பெயாரிங்) போட்டு, கிறீஸை நிறைய அடைத்துப் பூட்டினோம். நிமிடத்துக்கு 1500 சுற்றில் அரை மணிக்குள், ஸ்பின்டிலைத் தாங்கும் தலைப்பெட்டியில் கைவைக்க முடியவில்லை. மின்விசிறி வைத்தும் பயனில்லை. பெயாரிங் பழுதா?"

பழுதென்று இப்போதே கழற்றாதீர்கள். முதலில் அந்த மின்விசிறியை எடுத்துவிடுங்கள். சூடு பிறப்பது உள்ளே. வெளிவளையம் பெட்டி வழியே ஆறிவிடும். உள்வளையம் ஆறாமல் விரிந்துகொண்டே போகும். பெட்டியை மட்டும் குளிர்வித்தால் இடையில் குண்டுகள் இன்னும் நெரிபடும். ஈரத்துணி போடுவதும் இதே தவறுதான்.

அடைத்த கிறீஸ்தான் என் முதல் சந்தேகம். உள்ளே காலியாக உள்ள இடத்தில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றிலொன்று போதும். அதற்கு மேலுள்ளதைக் குண்டுகள் ஓயாமல் கடைந்துகொண்டிருக்கும். அந்த உழைப்பெல்லாம் சூடாகிறது. சிரிஞ்சால் அளந்து, குண்டுகளுக்கு இடையே வையுங்கள். லிதியம் கிறீஸோடு பொலியூரியா கிறீஸைக் கலக்க வேண்டாம்.

பிறகு ஓட்டிப் பழக்க வேண்டும். பெட்டியில் கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒட்டி, அதன்மேல் இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பிடியுங்கள். பளபளக்கும் இரும்பில் அது குறைத்துக் காட்டும். 300 சுற்றில் அரை மணி ஓட்டுங்கள். சூடு ஏறி, ஒரே அளவில் நின்ற பிறகே அடுத்த 300ஐக் கூட்டுங்கள். 60 பாகையைத் தொட்டால் நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, ஒரு படி கீழிருந்து தொடருங்கள். ஒரு நாள் முழுக்கப் போகலாம், அவசரப்பட வேண்டாம். கச்சான் வீசும் நாட்களில் பட்டறையே 35 பாகை இருக்கும். ஆகவே அறைச் சூட்டைவிட எவ்வளவு கூடியது என்று பாருங்கள். 20 பாகை கூடுவது வழமை.

ஏறிய சூடு தானாக இறங்கினால் மிகைக் கிறீஸ் ஒதுங்கிவிட்டது என்று அர்த்தம். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், நிறுத்திய உடனே ஸ்பின்டிலைக் கையால் சுற்றுங்கள். குளிரில் சுற்றியதைவிடக் கனத்தால் பிரீலோட், அதாவது பூட்டும்போதே குண்டுகள்மேல் கொடுக்கும் இறுக்கம், அதிகம்: நட்டை அளவுக்கு மேல் முறுக்கியிருப்பீர்கள், அல்லது பெயாரிங்குகளுக்கு இடையே வைக்கும் ஸ்பேசர் வளையங்களின் நீளம் பொருந்தவில்லை.

அளவு எடுக்கும் வேலையைச் சூடு நிலைத்த பின்பே தொடங்குங்கள். 300 மி.மீ. உருக்கு ஸ்பின்டில் 20 பாகை ஏறினால் ஏறத்தாழ 0.07 மி.மீ. நீளும்.

திரும்பக் கழற்ற நேர்ந்தால் கையுறை போடுங்கள். வியர்வைக் கைபட்ட வளையம் இந்த உப்புக்காற்றில் வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தத் துருப்புள்ளியிலிருந்துதான் குண்டு ஓடும் பாதை உரியத் தொடங்கும்.