பீளை வேண்டாம், சவ்வுதான் வேண்டும்

வாசகர் கேள்விகளுக்குச் சேலம் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: வீட்டில் மூன்று பூனைக்குட்டிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு இடது கண் வீங்கிப் பீளை தள்ளியது, ஒரு வாரத்தில் வலது கண்ணும் அப்படியே ஆகிவிட்டது. மருந்துக்கடைச் சொட்டு மருந்து விட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. கிளமிடியா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம், டெஸ்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர். நானே காது குடையும் பஞ்சுக் குச்சியில் பீளையை வழித்துக் கொண்டுபோனேன். 'இது ஆகாதுங்க' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன்?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அவர் செய்தது சரிதாம்மா. வேலைக்கு வந்த புதிதில் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டிப் பூனைக்குக் கண் முழுக்கப் பீளை. இவ்வளவு கிடைக்கிறதே என்று குச்சி நிறைய அள்ளி அனுப்பினேன். கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. பூனையோ கண்ணையே திறக்கவில்லை. மறுபடி ஒழுங்காக எடுத்து அனுப்பிய பிறகுதான் கிளமிடியா என்று தெரிந்தது.

மற்ற பாக்டீரியாக்கள் மாதிரி இது வெளியில் திரிகிற கிருமி இல்லை. செல்லுக்குள் புகுந்து, அங்கேதான் பெருகும். அதனால் கண் சவ்வின் செல்கள் குச்சியில் ஒட்டி வந்தாக வேண்டும். பீளை எவ்வளவு இருந்தாலும் அது இடைஞ்சல்தான். முதலில் சலைனில் நனைத்த பஞ்சால் அதைத் துடைத்துப் போட்டுவிடுவோம். கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்தால், சிவந்து, நீர் கோத்து உப்பிய சவ்வு தெரியும். ஸ்வாப் என்கிற மாதிரி எடுக்கும் குச்சியை அதில் வைத்து, கொஞ்சம் அழுத்தி, ஐந்தாறு தடவை உருட்டி எடுக்க வேண்டும். பட்டும் படாமல் தொட்டால் ஒன்றும் வராது. பூனைக்கு இது பிடிக்காது என்று சொல்லத் தேவையில்லை. கழுத்துவரை துண்டில் சுருட்டி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எடுப்பார். இரண்டு கண்ணிலும் எடுப்பது நல்லது.

காதுக் குச்சி சுத்தமானதல்ல. தவிர, மரக்குச்சியும் சாதாரணப் பஞ்சும், கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையைக் கெடுக்கலாம். கொரோனா காலத்தில் நம் மூக்கில் விட்டார்களே, பிளாஸ்டிக் தண்டும் செயற்கை இழையுமாக, அந்த மாதிரி ஸ்வாப்தான் வேண்டும். எடுத்ததைக் கிருமி நீக்கிய குழாயில் உலர்வாகவோ, லேப் கொடுக்கும் திரவத்திலோ போடுவோம். சாதாரண பாக்டீரியா டெஸ்டுக்கான கரி கலந்த ஜெல் குழாய் இதற்கு உதவாது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும்வரை குளிர்ச்சி போகாமல் இருக்கணும். வாயகன்ற தெர்மாஸ் பிளாஸ்கில் ஐஸ் போட்டுக் குழாயை வைத்தால் போதும்.

அப்புறம் அந்தச் சொட்டு மருந்து. அது ஆன்டிபயாடிக் என்றால் கிருமி பாதி அடங்கி டெஸ்டில் தப்பிவிடும். பெயரை டாக்டரிடம் சொல்லுங்கள். கிளமிடியா என்று உறுதியானால், வழக்கமாக டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம். மூன்று குட்டிகளுக்கும்தான், கண் நன்றாக இருக்கிற குட்டிக்கும் சேர்த்து. மாத்திரையை வெறுமனே விழுங்க வைத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கூடவே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

கேள்வி: பத்து லவ் பேர்ட்ஸ், இரண்டு காக்டெயில் வளர்க்கிறேன். போன வாரம் ஒன்று செத்தது. இன்னொன்று சிறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறது, எச்சம் பச்சையாகப் போகிறது. ஒரு எச்சத்தைக் கொண்டுவந்தால் போதுமா?
– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: போதாது தம்பி. இதுவும் கிளமிடியாவாக இருக்கலாம். பறவைகளுக்கு வருவது அதில் சிட்டாசி என்ற வகை. அது எச்சத்தில் தினமும் வெளிவராது, விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் மூன்றிலிருந்து ஐந்து நாள் எச்சத்தைச் சேர்க்கிறோம். கூண்டுத் தட்டில் செய்தித்தாள் போட்டால் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிளாஸ்டிக் தாள் போடுங்கள். சேர்க்கிற வரை டப்பா ஃபிரிட்ஜின் குளிரில் இருக்கணும், ஆனால் தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம்! கண், வாயின் மேலண்ணப் பிளவு, எச்சத் துவாரம் மூன்றிலும் ஸ்வாப் எடுப்பது எங்கள் வேலை.

செத்த பறவையைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். இன்னொன்று செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் இறகை நனைத்து, இரண்டு கவரில் கட்டி, ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். கல்லீரலிலும் மண்ணீரலிலும் தேடலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே.

இது மனிதருக்கும் வருகிற நோய். காய்ந்த எச்சம் தூசியாகி மூச்சில் போனால், பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று ஆரம்பிக்கும், நிமோனியாவரை போகலாம். கூண்டை ஒருபோதும் காய்ந்தபடி பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, என்-95 மாஸ்க் போட்டு, வழித்தெடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், 'பறவை வளர்க்கிறோம்' என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் அவருக்கு இது தோன்றாது.

மருந்து ஆரம்பித்தால் கூண்டில் தொங்கும் கடல்நுரையைக் கழற்றிவிடுங்கள். அதிலுள்ள கால்சியம் டாக்ஸிசைக்ளினை உடம்பில் சேரவிடாது. 45 நாள் மருந்து ஓடலாம். பத்தாம் நாளே பறவை துள்ளும், நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பச்சைக்கிளிக்கும் டெஸ்ட் எடுக்கலாமா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: எடுக்கலாம். ஆனால் நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லிக் கிளியை ஒப்படையுங்கள். சட்டென்று கூண்டைத் திறந்து பறக்க மட்டும் விடாதீர்கள், இரை தேடத் தெரியாத கிளியாக இருக்கும்.