முவேயா கரிசலில் நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்

கேள்வி: கென்யாவின் முவேயா பாசனத் திட்டத்தில் 4 ஏக்கரில் பாஸ்மதி 370 போடுகிறேன். திபா ஆற்று வாய்க்காலின் கடைமடை. முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வருவதில்லை. வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கு மாறலாமா? வயலில் ஆப்பிள் நத்தையும் இருக்கிறது.

பதில்: தாராளமாக மாறலாம். கரிசல் மண் என்பதால் கொஞ்சம் கவனம் வேண்டும், அவ்வளவுதான். 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயில் துளைகள் போட்டு, 20 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும்படி பதித்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும், வயலில் 5 செ.மீ. நிற்கப் பாய்ச்சுவது பொதுக் கணக்கு. உங்கள் மண்ணுக்கு 10 செ.மீ. இறங்கினாலே போதும் என்பேன். கரிசல் வெடித்துவிட்டால் அடுத்த தண்ணீர் வெடிப்பு வழியே நேராகக் கீழே போய்விடும். மயிரிழை வெடிப்பு கண்ணில் பட்டாலே மடையைத் திறங்கள். முறைத் தண்ணீர் தள்ளிப்போகும் என்று தெரிந்தால் குழாயைப் பார்க்காமல், கிடைத்த அன்றே பாய்ச்சிவிடுங்கள்.

நத்தைக்கும் இந்த முறை நல்லதுதான். 2020இல் முவேயாவில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த நத்தை, தேங்கிய நீரில்தான் ஊர்ந்து போய் இளம் நாற்றைக் கடிக்கும். நீர் வடிந்தால் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும், சாகாது. அதனால் நட்ட முதல் இரண்டு வாரம் சேறும் சகதியுமாக மட்டும் வைத்திருங்கள். வயலோரம் சிறு வாய்க்கால் வெட்டினால் மிச்ச நீரைத் தேடி அங்கே வந்து சேரும். காலையில் பொறுக்கி எடுக்கலாம். தண்டிலும் வரப்பிலும் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளைக் கையுறை போட்டு நசுக்குங்கள், அவற்றில் நஞ்சு உண்டு. மடைவாயில் வலை கட்டுங்கள். இளம் நாற்றை இடைவெளி விட்டு நடும் செம்மை நெல் சாகுபடியில் 10 நாள் நாற்றை நடச் சொல்வார்கள். நத்தை உள்ள வயலில் நான் அதைச் சொல்லமாட்டேன். 3 வார நாற்றாக, தடித்ததாகப் பார்த்து நடுங்கள்.

நத்தையைக் கொல்லக் கண்ட பூச்சிமருந்தையும் ஊற்றி வடிகாலில் விடாதீர்கள். திபா காம்புரு நீர்த்தேக்கத்தில் தானா ஆற்றோடு சேர்கிறது. அணைகளைத் தாண்டிக் கீழே வறண்ட நிலத்தில் பொகோமோ உழவர்களும் ஒர்மா மேய்ப்பர்களும் அந்த ஒரே ஆற்றை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கதிர் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து முடிந்த ஒரு வாரம் வரை காய்ச்சல் கூடாது. அப்போது 5 செ.மீ. நீர் நின்றே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பதராகிவிடும். பாஸ்மதி 370 குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கு எளிதில் பலியாகும் ரகம். தண்ணீர்ப் பஞ்சமும் அதிகத் தழைச்சத்தும் சேர்ந்தால் நோய் கட்டுக்கடங்காது. உரத்தை மூன்று தவணையாகப் பிரித்துப் போடுங்கள். அதே வாய்க்காலில் இருக்கும் பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒரே வாரத்தில் நட்டால், பூக்கும் சமயத்துக்கு முறைத் தண்ணீரைச் சேர்ந்தே கேட்டு வாங்கலாம்.