மெஸ்கீட் புகை படிந்த அமெரிக்க மால்ட் விஸ்கி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிகளை விரும்பிக் குடிப்பவன். அரிசோனாவில் டூசான் நகரத்து ‘டெல் பாக் டொராடோ’ பாட்டில் ஒன்று பரிசாக வந்தது. புகை இருக்கிறது, ஆனால் ஐலாவின் டிஞ்சர் வாசமே இல்லை. சரக்கில் குறையா?

பதில்: குறையே இல்லை, தம்பி. எரிந்த பொருள்தான் வேறு. ஐலாவில் முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, உலர்த்தும்போது பீட்டை எரிக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகளும் நெடுங்காலமாக மக்கிப் படிந்ததுதான் பீட். டிஞ்சர் வாசமும் தார் வாசமும் அந்தப் புகையில் உள்ள கிரெசால் போன்ற பீனால் வகை வேதிப்பொருள்களால் வருபவை. டூசானில் எரிவது மெஸ்கீட் விறகு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் எரியும்போது குவாயகால், சிரிங்கால் என்ற வேறு பீனால்கள் மேலோங்கும். அதனால் அடுப்படிப் புகையும் மெல்லிய இனிப்பும் சேர்ந்து வருகின்றன.

மெஸ்கீட் நமக்கு அந்நியமான மரமும் அல்ல. நம் ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு அது நெருங்கிய உறவு. ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் புகைவதைக் கடந்து போனவர்கள் இந்த விஸ்கியில் பாதியை முன்பே முகர்ந்துவிட்டார்கள் என்பேன்.

இதைத் தொடங்கிய ஸ்டீபன் பால், மெஸ்கீட் மரத்தில் மேசை நாற்காலி செய்துகொண்டிருந்தவர். மிஞ்சிய துண்டுகளை எரித்து இறைச்சி சுடுவார், கையில் ஸ்காட்ச் இருக்கும். பீட்டுக்குப் பதில் இந்த விறகில் பார்லியை உலர்த்தினால் என்ன என்று அவர் மனைவி கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்த வடிசாலை. ஐலாவை அளவுகோலாக வைத்து இதைக் குடித்தால் அந்த மரத்தைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

கேள்வி: புகை மூக்கை அடைத்துவிடுகிறது. வேறு எதுவும் தெரியவில்லையே?

பதில்: கிளாஸுக்குள் மூக்கை நுழைக்காதீர்கள். வாய் குறுகிய, துலிப் வடிவக் கிளாஸில் 30 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கிளாஸை முகவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதல் மிடறை ருசி பார்க்க வேண்டாம், அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். இரண்டாவதில் புகை பின்னுக்குப் போய் வறுத்த தானியமும் உலர்ந்த பழமும் முன்னே வரும். எனக்கு மிகவும் பிடித்த கணம் அதுதான்.

கேள்வி: தண்ணீர் சேர்க்கலாமா? ஐஸ்?

பதில்: தண்ணீர் சில துளிகள் தாராளமாக. குவாயகால் மூலக்கூறு தண்ணீரைவிட ஆல்கஹாலோடு ஒட்டி இருக்கவே விரும்பும். தண்ணீர் சேரச் சேர அது திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினிக் கணக்கீட்டில் காட்டினார்கள். ஐஸ் வேண்டாம். குளிரில் வாசம் எழும்பாது.

கேள்வி: விஸ்கி ஊறும் ஓக் பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கரிக்கிறார்களே, புகை அதிலிருந்து வருகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கரித்த ஓக் தருவது வெனிலா, கேரமல், தேங்காய் வாசம். புகை ஏறுவது பார்லி ஈரமாக இருக்கும்போதுதான்.

கேள்வி: பீனால் பி.பி.எம். எண்ணைப் பார்த்து வாங்கலாமா ஐயா?

பதில்: அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பத்து லட்சம் பங்கில் பீனால் எத்தனை பங்கு என்று சொல்லும் அந்த எண் வழக்கமாக மால்ட்டில் அளந்தது, பாட்டிலில் அல்ல. ஊறலிலும் வடிப்பிலும் நிறையப் போய்விடும். கனமான பீனால்கள் வடிப்பின் கடைசிப் பகுதியில்தான் வருகின்றன. வடிப்பவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதே புகையின் அளவைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: ‘அமெரிக்கன் சிங்கிள் மால்ட்’ என்பதற்குச் சட்டம் உண்டா?

பதில்: 2025 ஜனவரி முதல் உண்டு. முழுக்க மால்ட் பார்லி, ஒரே வடிசாலை, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாய், பாட்டிலில் குறைந்தது 40 சதவீத ஆல்கஹால். புகையைப் பற்றி விதி எதுவும் இல்லை.

கேள்வி: அடுத்து எதை வாங்கலாம்?

பதில்: ஓரிகன் மாநிலத்து ‘மெக்கார்த்தீஸ்’. ஸ்காட்லாந்தின் பீட் மால்ட், ஓரிகன் ஓக் பீப்பாய். டொராடோவுக்குப் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள், பீட்டும் விறகும் பிரிவது நன்றாகத் தெரியும். ஒரு வேண்டுகோள்: அன்றிரவு கிளாஸ்களைக் கழுவாமல் வையுங்கள். காலையில் ஆல்கஹால் பறந்துபோயிருக்கும், புகை மட்டும் அடியில் காய்ந்து கிடக்கும். எது எந்தக் கிளாஸ் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.