மனச்சிதைவு நோய்: வீட்டில் இருப்பவர்கள் கேட்டவை

மதுரையில் மனநலப் பிரிவில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 24 வயது. மாத்திரையில் காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் குளிப்பதில்லை, நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். சோம்பேறித்தனமா அக்கா?

இல்லைம்மா, அதுவும் நோய்தான். குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் வெளியே தெரிகிற பாதி. ஆசை, முனைப்பு, பேச்சு எல்லாம் வற்றிப்போவது இன்னொரு பாதி. அதற்கு மாத்திரை அவ்வளவாக எடுபடாது. "போய்க் குளி" என்பது நமக்கு ஒரு வேலை. அவனுக்குத் துண்டு எடுப்பது, தண்ணீர் பிடிப்பது, சட்டை தேடுவது என்று பத்து வேலை. அதனால் துண்டையும் சட்டையையும் எடுத்து வைத்துவிட்டு, "வெந்நீர் விளாவி வச்சிருக்கேன், வாப்பா" என்று கூப்பிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில். அது பழகிய பிறகு, காலையில் பால் வாங்கி வரும் வேலையை மட்டும் கொடுங்கள். திட்டும் குத்தலும் ஓயாத வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது. இது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்ற பேச்சே வேண்டாம் என்று அவன் அப்பாவிடமும் சொல்லுங்கள். அப்புறம், மாத்திரையின் தூக்கமோ மனச்சோர்வோகூட இப்படி முடக்கலாம். டாக்டரிடம் அதையும் கேளுங்கள்.

மேலூர்: பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போனால் போதும், மாத்திரை வேண்டாம் என்கிறார் மாமியார்.

கோயிலுக்குப் போங்கள், நானும் போகிறவள்தான். மாத்திரையும் கூடவே வரட்டும். எங்கே தங்கினாலும் கட்டிப்போட மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

உசிலம்பட்டி, 31 வயது: எனக்குத்தான் நோய். இதற்குச் சாப்பிடும் ஓலன்சபின் மாத்திரையால் உடம்பு பெருத்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன், நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் தம்பி. பலருக்கு நிறுத்திய சில மாதங்களில் திரும்பிவிடுகிறது. உடம்பு போட்டது உங்கள் தப்பில்லை. அந்த மருந்து பசியைக் கிளப்பும், சர்க்கரையும் ஏறலாம். எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தை மாற்றவும் வழி உண்டு. தினமும் விழுங்கச் சலிப்பாக இருந்தால் மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். புகை, ரத்தத்தில் இந்த மருந்தின் அளவைக் குறைக்கும்.

அண்ணனுக்கு இருக்கிறது, எனக்கும் வருமா?

பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரும். கூடப்பிறந்தவர் என்றால் ஏறக்குறைய 10 பேருக்கு. மீதி 90 பேருக்கு வருவதில்லை. கஞ்சா பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

ராத்திரியில் பதறினால் யாரைக் கேட்பது?

14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.