சி.எம்.எல். நோய்க்கான மாத்திரையை எப்போதாவது நிறுத்த முடியுமா?

உங்கள் தந்தைக்கு இரத்தப் புற்றுநோயின் ஒரு வகையான நாள்பட்ட மைலாய்டு லுகேமியா, அதாவது சி.எம்.எல்., உறுதியாகி இமாட்டினிப் மாத்திரை 400 மில்லிகிராம் தொடங்கியிருப்பதாகவும், அதை என்றாவது நிறுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிலரால் நிறுத்த முடிகிறது; ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். இதே மாத்திரையை நெடுங்காலமாக உட்கொள்ளும் நோயாளி என்ற முறையில் எழுதுகிறேன்.

இந்நோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி இணைவதால் ஒரு புதிய மரபணு உருவாகிறது. அதிலிருந்து பிறக்கும் நொதி ஓயாமல் இயங்குவதால் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அந்த நொதியை முடக்கும் இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இம்மருந்தைச் சோதித்த ஐரிஸ் என்னும் மருத்துவ ஆய்வில் இதனுடன் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். இந்தியாவில் இதன் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்ததும், 2013இல் உச்ச நீதிமன்றம் அம்முடிவை உறுதிசெய்ததும், வேறு நிறுவனங்களின் மலிவான மாத்திரைகளுக்கு வழிவிட்டதால், நம்மைப் போன்றவர்களுக்கு மருந்துக்கு இணையான வரமே.

என் பார்வையில், மருந்துக்கு அடுத்த பெரிய முன்னேற்றம் நோயின் எச்சத்தை அளக்கும் பி.சி.ஆர். இரத்தப் பரிசோதனைதான். பன்னாட்டு அளவுகோலில் அந்த எச்சத்தின் அளவு மூன்று மாதங்களில் 10 விழுக்காட்டுக்குள்ளும் ஓராண்டில் 0.1 விழுக்காட்டுக்குள்ளும் இறங்குவதே நல்ல அறிகுறி. இறங்காவிட்டால், வேளாவேளைக்கு மாத்திரை உட்கொள்ளப்பட்டதா என்பதையே மருத்துவர் முதலில் விசாரிப்பார். பிறகு டாசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற அதே வகை மருந்துகளுக்கு மாற்றுவார். டி315ஐ என்னும் மரபணு மாற்றம் இருந்தால் அவையும் பலிக்காது. அதற்குப் போனாட்டினிப்பும், நொதியின் வேறோர் இடத்தில் பொருந்தும் அசிமினிப்பும் உள்ளன.

நிறுத்துவதைப் பற்றிப் பிரான்சில் நடந்த ஸ்டிம் ஆய்வு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் நோயின் தடயமே தென்படாதவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டது. அவர்களிலும் பத்துப் பேரில் நால்வர் அளவுக்குத்தான் நோய் திரும்பாமல் இருந்தனர். திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே அது தெரிந்துவிட்டது, மாத்திரையை மீண்டும் தொடங்கியதும் கட்டுக்குள் வந்தது என்பது ஆறுதல். மருந்தின் பக்கவிளைவாக எனக்குக் காலையில் இமை வீங்குவதும் இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் இன்றும் உண்டு. அவற்றுக்காகத் தாமாக மாத்திரையை விடுவது வேறு, மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவது வேறு. நிறுத்தியபின் தொடக்க மாதங்களில் மாதந்தோறும் பி.சி.ஆர். செய்ய வேண்டியிருக்கும் என்பதால், அதன் செலவையும், நம்பகமான ஓர் ஆய்வகத்திலேயே தொடர்ந்து பரிசோதிக்கும் வசதியையும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.