சொல்லுக்கு 6 சென்ட்டா, சொந்த வெளியீடா?

கேள்வி: கோவையில் ஐடி வேலை, மாதச் சம்பளம் ₹70,000. டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்களுக்கு (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதை விளையாட்டு) ஆங்கிலத்தில் சாகசங்கள், அதாவது ஆடுவதற்கான கதைத் திட்டங்கள், எழுதுவேன். அமெரிக்காவின் சிறு பதிப்பகம் ஒன்று 10,000 சொல் சாகசத்துக்கு, சொல்லுக்கு 6 சென்ட் தருவதாகச் சொல்கிறது. ‘இதையே நீயாக வெளியிட்டால் 70 சதவீதம் உனக்குத்தானே?’ என்கிறார்கள் நண்பர்கள். சேமிப்பில் ₹1.5 லட்சம் இருக்கிறது. எது லாபம்? – வாசகர், கோவை

பதில்: இப்போதைக்கு ஃப்ரீலான்ஸ் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சேமிப்பில் ₹10,000க்கு மேல் தொடாமல் சின்னதாக ஒரு சொந்த வெளியீட்டையும் பக்கத்திலேயே தொடங்குங்கள். ஏன் என்று கணக்கைப் பார்த்துவிடலாம்.

10,000 சொல்லுக்கு 6 சென்ட் என்றால் 600 டாலர். டாலர் ₹85 என்று வைத்தால் ₹51,000. பேபால் கட்டணம் நான்கு சதவீதத்துக்கு மேல் போகும். டாலரை ரூபாயாக்கும்போது இன்னொரு மூன்று, நான்கு சதவீதம் கழியும். கைக்கு வருவது ஏறக்குறைய ₹47,000. எழுத, விளையாடிப் பார்க்க, எடிட்டர் கேட்ட திருத்தங்களைச் செய்ய 60 மணி நேரம் ஆனால், மணிக்கு ₹780. இந்தத் துறையில் 3, 4 சென்ட்டுக்கு எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 10 சென்ட்டைத் தாண்டுவது அரிது. ஆக 6 சென்ட் முதல் வாய்ப்புக்கு மோசமில்லை.

அதே 10,000 சொல்லை நீங்களே வெளியிட்டால்? எடிட்டருக்குச் சொல்லுக்கு 2 சென்ட் வீதம் 200 டாலர், அட்டை ஓவியம் 200, வரைபடம் 100, உள்ளே போட ஸ்டாக் படங்கள் (ஏற்கெனவே வரைந்து விற்பவை) 50. பக்க வடிவமைப்பை நீங்களே செய்தாலும் மொத்தம் 550 டாலர். பிடிஎஃப் விலை 8 டாலர். நண்பர்கள் சொல்லும் 70 சதவீதம், இந்த வகை கேம் நூல்களை விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் மட்டுமே விற்பேன் என்று ஒப்புக்கொண்டவர்களுக்கு. வேறு இடத்திலும் விற்றால் 65 சதவீதம். தள்ளுபடி விற்பனைகளையும் சேர்த்தால் ஒரு பிரதிக்குச் சராசரியாக 5 டாலர் என்று வையுங்கள். (பேபால் கழிவு இரண்டு பக்கமும் இருப்பதால் இங்கே விட்டுவிட்டேன்.) போட்ட பணம் திரும்ப 110 பிரதி விற்க வேண்டும். ஃப்ரீலான்ஸில் வரும் 600 டாலரும் கிடைக்க 230 பிரதி.

230 பெரிய எண்ணா, சின்ன எண்ணா என்பதை அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலும், விற்பனையைப் பொறுத்து ஒரு உலோகப் பட்டம் இருக்கும். 50 பிரதியைத் தாண்டினால் காப்பர், 100ஐத் தாண்டினால் சில்வர், 250ஐத் தாண்டினால் எலெக்ட்ரம், 500ஐத் தாண்டினால் கோல்ட். அதாவது போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கவே சில்வர் வேண்டும். ஃப்ரீலான்ஸுக்குச் சமமாக எலெக்ட்ரம் பக்கத்தில் போக வேண்டும். உங்கள் சாகசத்தைப் போன்ற 16 முதல் 32 பக்கத் தலைப்புகளில், அறிமுகமில்லாத எழுத்தாளர்கள் போன வருடம் போட்டதாக இருபதைத் தேடி எடுங்கள். எத்தனையில் பட்டம் இருக்கிறது என்று எண்ணுங்கள். காப்பரைக்கூடத் தொடாமல் நிற்பவைதான் அதிகம் இருக்கும். ₹1.5 லட்சத்தையும் இறக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற பிரபல ரோல்பிளேயிங் கேமுக்கு மற்றவர்கள் எழுதியதை விற்கும் தளமான டிஎம்ஸ் கில்ட் இன்னொரு வழி. அந்த கேமின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் கற்பனை உலகத்தையே அங்கே பயன்படுத்தலாம், வாங்குபவர்களும் அங்கே திரண்டிருக்கிறார்கள். ஆனால் உங்கள் பங்கு 50 சதவீதம்தான். அதைவிட முக்கியம், அங்கே போட்டதை வேறு எங்கும் கொண்டுபோய் விற்க முடியாது. சொந்த உலகம், சொந்தப் பாத்திரங்கள் என்று ஏதாவது வைத்திருந்தால் அதை அங்கே வைக்காதீர்கள்.

உங்கள் உலகத்தை டி அண்ட் டி விதிகளோடு சேர்த்து விற்க அங்கே போக வேண்டிய அவசியமும் இல்லை. 2023 ஜனவரியில், விதிகளை மற்றவர்கள் பயன்படுத்தும் உரிமத்தை மாற்றுவது பற்றிய சர்ச்சை வெடித்த பிறகு, டி அண்ட் டியை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் தன் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1ஐ யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. அந்தத் தொகுப்பு சொல்லும் நன்றி வாசகத்தை உங்கள் நூலில் போட்டால் போதும், கட்டணம் கிடையாது. (டி அண்ட் டியின்) ‘ஐந்தாம் பதிப்புக்குப் பொருந்தும்’ என்று எழுதலாம், டி அண்ட் டி லோகோவைப் போடக்கூடாது. பலர் சறுக்குவது அரக்கர்களில்: பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்றவற்றின் விவரக் கட்டங்கள் (பலம், தாக்குதல் எண்கள்) அந்தத் தொகுப்பில் இல்லை. அவற்றை எடுத்துப் பயன்படுத்தினால் நூலைத் தளத்திலிருந்து நீக்க வேண்டி வரலாம்.

உங்களுக்கு நான் சொல்லும் ‘சின்ன வெளியீடு’ இப்படி: 3,000 சொல், 12 பக்கம், 3 டாலர். ஸ்டாக் படத்துக்கு 40 டாலர், எடிட்டிங்குக்கு 60 டாலர். ₹8,500 செலவில் முடியும். 65 சதவீதத்தில் பிரதிக்கு 2 டாலருக்குச் சற்றுக் குறைவு. 50 சொச்சம் பிரதியில், அதாவது காப்பரில், முதல் திரும்பிவிடும். சிறு படைப்பாளிகள் தங்கள் கேம்களை விற்கும் இட்ச்.ஐஓ தளத்திலும் போடுங்கள். அங்கே தளத்தின் பங்கை நீங்களே குறிக்கலாம், வழக்கமாக 10 சதவீதம். அச்சுப் பிரதியை முதல் தடவை தவிர்த்துவிடுங்கள். டிரைவ்த்ரூ மூலம் அச்சில் விற்க, முதலில் ஒரு மாதிரிப் பிரதியை வரவழைத்துச் சரிபார்த்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து அது கோவை வந்து சேரும் செலவில் ஒரு வரைபடமே வாங்கிவிடலாம். கூட்டுநிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் இந்திய முகவரி, இந்திய வங்கிக் கணக்கோடு திட்டம் தொடங்க முடியாது. அதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி அந்த ஒப்பந்தம். இங்கேதான் ஃப்ரீலான்ஸ் பணம் காணாமல் போகும். ‘வெளியான 60 நாளில் பணம்’ என்று இருந்தால், ‘கைப்பிரதியை ஏற்ற 45 நாளில்’ என்று மாற்றச் சொல்லுங்கள். சிறு பதிப்பகங்கள் கூட்டுநிதி திரட்டி நூல் போடுபவை. ஓவியர் தாமதித்தால், அச்சகம் தாமதித்தால் வெளியீடு ஒரு வருடம்கூடத் தள்ளிப்போகும். அதுவரை உங்கள் ₹47,000 காகிதத்தில்தான். திட்டம் கைவிடப்பட்டால் 25 முதல் 50 சதவீதம் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். திருத்தம் எத்தனை சுற்று என்று எழுதுங்கள், இரண்டு போதும். ஒப்பந்தத்தில் உள்ள சொற்களுக்கு மட்டும்தான் கூலி: உற்சாகத்தில் 12,000 எழுதிக் கொடுத்தாலும் 10,000க்குத்தான் வரும், வெட்டும் வேலையும் உங்கள் தலையில்.

‘ஒர்க் ஃபார் ஹயர்’ என்று போட்டிருப்பார்கள். எழுதியது முழுக்க அவர்களுக்குச் சொந்தம். மறுபதிப்பு வந்தாலும், வீடியோ கேம் ஆனாலும் உங்களுக்கு ஒரு பைசா வராது. இந்தத் துறையில் இது சாதாரணம், அதற்காக வேலையை விட வேண்டாம். உங்கள் சிறந்த உலகத்தை மட்டும் அதற்குள் வைக்காதீர்கள். நூலில் உங்கள் பெயர் வருவதையும், மாதிரிப் பக்கங்களை அடுத்த பதிப்பகத்திடம் காட்டும் உரிமையையும் கேட்டு வாங்குங்கள்.

வரி: இரண்டு வருமானமும் சம்பளத்தோடு சேரும், சம்பளக்காரர்களுக்கான எளிய வரிப் படிவமான ஐடிஆர்-1 இனி பயன்படாது. எடிட்டருக்கும் படத்துக்கும் கொடுத்த பணத்தின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், செலவாகக் கழிக்கலாம். சம்பளப் பிடித்தம் போக, மீதி வரி ₹10,000ஐத் தாண்டினால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். அமெரிக்கத் தளமும் பதிப்பகமும் டபிள்யூ-8பென் (வெளிநாட்டவருக்கான அமெரிக்க வரிப் படிவம்) கேட்கும். பான் எண்ணையும் இந்திய-அமெரிக்க வரி உடன்பாட்டையும் குறிப்பிட்டு நிரப்புங்கள். ராயல்டிக்கு அங்கே 30 சதவீதம் பிடிப்பதற்குப் பதில் 15 சதவீதம் ஆகும், அதையும் இங்கே வரியில் கழித்துக்கொள்ளலாம். இந்தியாவில் உட்கார்ந்து செய்த ஃப்ரீலான்ஸ் வேலைக்கு அங்கே பிடித்தமே வரக்கூடாது. ஜிஎஸ்டி பதிவுக்கு ₹20 லட்சம் வரம்பு. அது இப்போது உங்கள் கவலை இல்லை. எழுத்தாளர் ராயல்டிக்கு ₹3 லட்சம் வரை கழிவு உண்டு என்று யாராவது சொன்னால் நம்பித் திட்டமிடாதீர்கள். பழைய வரி முறையில் மட்டும்தான், அதுவும் பணம் தருபவர் சான்றளித்த படிவம் வேண்டும். அமெரிக்கச் சிறு பதிப்பகம் அதில் கையெழுத்திடுமா?

இத்தனைக்கும் முன்னால், உங்கள் கம்பெனி வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஐடி நிறுவனங்கள் பலவற்றில் வெளிவேலைக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். சிலவற்றில், பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும் கம்பெனிக்கே சொந்தம் என்றுகூட இருக்கும். அப்படி இருந்தால், ஹெச்ஆரிடம் மின்னஞ்சலில் அனுமதி கேட்டு, பதில் வந்த பிறகு பதிப்பக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். கம்பெனி லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.